கம்பெனி வெள்ளரியும் கடலுக்குப் போன சாமியும்

மரக்காணம்
28-11-2005

அன்புள்ள மாப்பிள்ளை பச்சமுத்துவுக்கு,

எனக்கு இடுப்பைத் தவிர எல்லாம் சௌக்கியம். உன் உடம்பில் எது சௌக்கியம், எது இல்லை என்று பிரித்துப் பிரித்து எழுதவும். ஒரே வரியில் "எல்லாம் நல்லபடி" என்று எழுதி ஏமாற்றுகிற வேலை என்னிடம் வேண்டாம்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. உப்பளம் முழுக்க ஏரி மாதிரி தண்ணீர் நிற்கிறது. நான் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு பெரிய முதலாளி மாதிரி பார்க்கிறேன். தை பிறக்கிற வரைக்கும் எனக்கு உத்தியோகம் அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை போனில் அம்சவள்ளியிடம், "மே மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடச் சொல்றாங்க" என்றாயாம். அவள் வாயைத் திறப்பதற்குள் உன் கார்டு தீர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து என் தங்கச்சி குழம்புக்கு உப்பு போட மறக்கிறாள். உப்பளக்காரன் நான் கீழ்புத்துப்பட்டுக்குப் போய் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன், நம்பு.

ஊரில் மல்லாட்டை கட்டுப்படியாகாமல்தான் நீ கிளம்பினாய். கப்பல் கப்பலாகப் பாமாயில் வந்து இறங்கியதிலிருந்து கடலை எண்ணெய் ஆட்டுகிறவன் நம் மல்லாட்டையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யோக்கியமாகச் சொல்கிறேன், என் வீட்டு சரஸ்வதியே பாமாயிலில்தான் வடை சுடுகிறாள். அதைத் தின்றுவிட்டுத்தான் நான் டீக்கடையில் உட்கார்ந்து விவசாயி செத்தான் என்று கத்துகிறேன்.

சரி. உன் ரெண்டு ஏக்கர் கொல்லையில் வேறு ஏதாவது நின்றால் நீயும் ஊரில் நிற்பாயா? ஒரு கம்பெனி வந்திருக்கிறது. தமிழ்வேந்தன் என்று ஒரு ஃபீல்டு ஆபீசர், பைக்கில் வருகிறார். விரல் அளவில் ஒரு வெள்ளரி. விதை, உரம், மருந்து எல்லாம் அவர்களுடையது. தினம் சாயங்காலம் வேன் வந்து கொல்லையிலேயே எடை போட்டு எடுத்துப்போகும். வினிகர் என்கிற காடியில் ஊறவைத்து பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நாக்குக்கு ஒரு செய்தியும் வரவில்லை. சொன்னால், "உங்கள யாரு சார் திங்கச் சொன்னது?" என்கிறார்.

அம்சா சரி என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் மச்சான்
காசிலிங்கம்


ஷார்ஜா
14-12-2005

மதிப்புள்ள மச்சானுக்கு,

உங்கள் இடுப்புக்கு என் வணக்கம். எனக்குத் தலைமுடி குறைந்திருக்கிறது, தொப்பை கூடியிருக்கிறது. விரல் நுனியில் தோல் உரிகிறது, இங்கே குளிர்காலம், அதனால் இருக்கும். மற்றபடி குறைவில்லை.

வேலை சௌகரியம். ஓட்டலில் ஸ்டோர் சூப்பர்வைசர் என்றால் சாமான் வருகிறதைப் பார்த்து உள்ளே வைக்கச் சொல்கிற வேலைதான். ஏசியிலேயே இருக்கிறேன்.

வெள்ளரி விஷயம். அம்சாவுக்கு இஷ்டம் என்றால் போடட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் வேன் வரவில்லை என்றால் அந்தக் காயை என்ன செய்வீர்கள்? மல்லாட்டையை மூட்டை கட்டி வைக்கலாம், விற்காவிட்டால் வறுத்துத் தின்னலாம். இது கம்பெனி வாங்கினால்தான் காய், இல்லையென்றால் குப்பை. அதுதான் பயமாக இருக்கிறது.

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். கொல்லை சோறு போடும் என்று தெரிந்தால் மே மாசத்துக்கு மேல் ஒரு நாள் கூட இங்கே இருக்க மாட்டேன். தெரியவில்லை என்றால் கையெழுத்து போட்டுவிடுவேன். ஏப்ரல் கடைசிக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை அம்சாவிடம் பதமாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் பதத்துக்கும் வெகுதூரம், அதனால் சொல்லாமலே இருந்தாலும் சரி.

சரஸ்வதி அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்
பச்சமுத்து


மரக்காணம்
20-1-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கல் நல்லபடி பொங்கியது. இடுப்பு அப்படியே இருக்கிறது, விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

நீ சொன்னதைப் பதமாகத்தான் சொன்னேன். அவள் கையில் இருந்த சொம்பு என் காதோரம் போனது. பிறகு அவளே போய் எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். காதை அல்ல, சொம்பை. "அப்ப வெள்ளரி நல்லா வந்தா அது வந்துடும்?" என்று கேட்டாள். அது என்றால் நீதான், மாப்பிள்ளை. "வந்துடும்" என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி நீயும் வெள்ளரியும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

ஒரு ஏக்கரில் விதை போட்டாயிற்று. கொடி ஏறுவதற்குக் குச்சி நட்டு, நூல் கட்டி, கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கொல்லை அரசப்பன் வரப்பில் நின்று, "ஏம்பா காசி, சுண்டு விரல் சைஸு காய்க்கு இவ்ளோ பந்தலா? பேரு வைக்கிறது எப்போ?" என்கிறான். ஊரில் இதற்குக் கம்பெனி வெள்ளரி என்று பெயர் விழுந்துவிட்டது. அம்சாவுக்குக் கம்பெனிக்காரி என்று. கோபப்படுவாள் என்று பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நடக்கிறாள்.

மிச்சம் ஒரு ஏக்கரில் மல்லாட்டையே போடச் சொல்லிவிட்டாள். கம்பெனி போனாலும் வாயில் போட ஏதாவது வேண்டுமாம். உன் பெண்டாட்டி என்பது சரியாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காசிலிங்கம்


ஷார்ஜா
9-2-2006

மதிப்புள்ள மச்சானுக்கு,

எண்ணெய் தடவினேன், பரவாயில்லை. உங்கள் காது நலமா?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இங்கே அந்த வெள்ளரிதான் கண்ணில் படுகிறது. ரொட்டிக்கு நடுவில் கறி வைத்துக் கொடுக்கிறார்கள், அதற்குள் வட்டமாக மூன்று துண்டு இருக்கும். பாதிப் பேர் ரொட்டியைப் பிரித்து, அதை மட்டும் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை தட்டு வருகிறது! அம்சா குனிந்து பறிக்கப் போவது இதற்கா என்று இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு பாதிப் பேர் அதற்காகவே வருகிறவர்கள். எங்கள் கிச்சனில் ஒரு சிரியாக்காரப் பெரியவர் இருக்கிறார். பாட்டில் காயைத் தொடமாட்டார். மார்க்கெட்டில் கொஞ்சம் பெரிய காயாக வாங்கி, காடி சேர்க்காமல் வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு அவரே புளிக்க வைப்பார். ரஷ்யாக்காரர்கள் கிண்ணத்தில் தனியாகக் கேட்டு வாங்கிக் கறுக்முறுக்கென்று தின்கிறார்கள்.

மேனேஜர் நேற்று மறுபடி கேட்டார். ஏப்ரல் என்று சொல்லியிருக்கிறேன்.

காய் பிடித்ததும் எழுதவும்.

பச்சமுத்து


மரக்காணம்
3-3-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காய் பிடித்துவிட்டது! என் உடம்பு விசாரிப்பை இந்த முறை தள்ளிவைக்கலாம்.

இது நம் ஊர்க் காய்கறி மாதிரி பொறுமையான பிறவி இல்லை. காலையில் விரல், சாயங்காலம் கட்டைவிரல், மறுநாள் காலையில் அரசப்பன் மூக்கு. விரலாக இருக்கும்போதே பறித்தால்தான் கம்பெனிக்குக் காய். தடித்தால் வேனில் ஏற்ற மாட்டார்கள். பறிக்க வந்த சாலம்மாள் முதல் நாள் கொடிக்குப் பக்கத்தில் நின்று அழாத குறை. "பூ கூட இன்னும் உதிரல. இதப் போயி கிள்ளச் சொல்றியேம்மா, பச்ச மண்ணு!" என்கிறாள். அம்சா முதல் பிஞ்சைத் தானே கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, "எனக்குந்தான் மனசில்ல. என் வூட்டுக்காரர் வரணும்" என்றாள். அதற்கப்புறம் சாலம்மாளும் கூட வந்த பெண்களும் மடமடவென்று கிள்ளினார்கள். இதை எழுதச் சொல்லவில்லை அவள். எழுதாதே என்றும் சொல்லவில்லை.

தினம் வேன் வருகிறது. தமிழ்வேந்தன் காயைச் சல்லடையில் உருட்டித் தரம் பார்த்துவிட்டு, "இந்த லைன்லயே உங்க காய்தாங்க நம்பர் ஒன்" என்றார். அம்சா திரும்பி நின்று சிரித்தாள்.

மாசி மகம் வருகிறது. ஊர்ச் சாமி கடலுக்குப் போகிற அன்று பெண்கள் யாரும் கொல்லைக்கு வரமாட்டார்கள். அம்சா போகலாமா வேண்டாமா என்று தவித்தாள். சாலம்மாள் கூட்டம் மாதா கோயில்காரர்கள்தானே, அவர்களை வைத்து நான் பறித்து ஏற்றிவிடுகிறேன், நீ சாமியோடு போ என்று சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும்போது என்ன கவலை?

காசிலிங்கம்


மரக்காணம்
16-3-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். எல்லாம் நல்லபடி.

மாசி மகம் சிறப்பாக நடந்தது. சாமி நன்றாகக் குளித்தது. கடல் இந்த வருஷம் ரொம்ப அடக்கமாக இருந்தது. போன வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் சுனாமியாக வந்த கடலா இது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சிலர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளரி நன்றாக வளர்ந்திருக்கிறது. நாம் எதிர்பார்த்ததை விடவே நன்றாக வளர்ந்திருக்கிறது.

இடுப்பு வலியால் நீளமாக எழுத முடியவில்லை.

காசிலிங்கம்


கீழ்புத்துப்பட்டு
18-3-2006

அன்புள்ள மாமாவுக்கு அம்சவள்ளி எழுதுவது,

உடம்பு எப்படி இருக்கு? விரல் ஆறிடுச்சா? எனக்கு ஒண்ணும் இல்ல.

அண்ணன் என்ன எழுதிச்சோ தெரியாது. நடந்ததை நான் எழுதறேன். சாமி கடலுக்குப் போற அன்னிக்கு நான் கிளம்பிட்டேன். சாலம்மாளுக்கு ஆள் அனுப்பறது அண்ணன் பொறுப்பு. அண்ணன் காலையில சும்மா எட்டிப் பார்த்துட்டு வரலாம்னு கடலுக்கு வந்திருக்கு. அப்புறம் பொரி வாங்கியிருக்கு, யாரோ பழைய சிநேகிதன் வந்திருக்கான். சாலம்மாள் வீட்டுக்குத் தகவலே போகல. நான் பொழுது சாஞ்சு கூட்டத்துல அண்ணனைப் பார்த்தேன். வாய் நிறையப் பொரி. என்னைப் பார்த்ததும் மெல்லறதை நிறுத்திடுச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு.

மறுநாள் போய்ப் பார்த்தா எல்லாம் கை தடிமன். வேன்ல ஒண்ணு கூட ஏத்தல. பெருத்த காயைக் கொடியில விட்டதால கொடியும் சோர்ந்து போச்சு, இனிமே பழைய மாதிரி புடிக்காதுன்னு தமிழ்வேந்தன் தம்பி சொல்லிட்டாரு. அவருக்கும் வருத்தந்தான். சட்டம் அவருது இல்லையே.

அவ்வளவு காயையும் குப்பையில கொட்ட மனசு வரல. மாங்கா போடற மாதிரி டிரம்முல உப்புத் தண்ணி ஊத்திப் போட்டு வச்சேன். உப்பு அண்ணன் கொண்டாந்து கொட்டிச்சு, கேக்காமலேயே, ரெண்டு மூட்டை. நாலு நாளா மேல வெள்ளையா நுரை கட்டுது. புளிச்ச வாசனை அடிக்குது. கெட்டுப் போச்சு, கொட்டிடலாம்னு அண்ணன் சொல்லுது.

நீங்க கையெழுத்து போடறதா இருந்தா போடுங்க. என்னை நினைச்சு ஒண்ணும் யோசிக்க வேணாம். இத்தனை வருஷம் இருந்துட்டேன்.

அண்ணனைத் திட்டாதீங்க. நான் திட்டி முடிச்சிட்டேன்.

அம்சவள்ளி


ஷார்ஜா
28-3-2006

அன்புள்ள அம்சாவுக்கு,

போனில் "கொட்டாதே, கொட்டாதே, லெட்டர் வருது" என்று சொல்வதற்குள் கார்டு போய்விட்டது. நீ என்ன நினைத்தாயோ. மச்சானுக்கும் இதைப் படித்துக் காட்டு.

நுரை வந்தால் கெட்டது இல்லை. புளிக்கிறது என்று அர்த்தம். தினம் அகப்பையால் நுரையை எடுத்துவிடு. காய் மிதக்கக் கூடாது. மிதக்கிற காய்தான் அழுகும். மேலே தட்டு கவிழ்த்து, கழுவின கல்லை வைத்து அமுக்கு. டிரம்மை வெயிலில் வைக்காதே. தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார், கடல் தண்ணீரை விடக் கொஞ்சம் கரிப்பு கூட இருக்க வேண்டும். மச்சான் ரெண்டு மூட்டையையும் கொட்டியிருந்தால் அது ஊறுகாய் இல்லை, உப்பளம். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்று.

பூண்டை நசுக்கிப் போடு. வெந்தயம், கடுகு, காய்ந்த மிளகாய். காய் நொளநொளத்துப் போகாமல் இருக்க இங்கே திராட்சை இலை போடுவார்கள், நீ கொய்யா இலை போட்டுப் பார். கை விடும்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு விடு, இல்லையென்றால் நகக்கண்ணில் உப்பு இறங்கி விரல் நுனியெல்லாம் உரியும், ராத்திரி எரியும். மூன்று வாரம் பொறு. கடித்தால் சத்தம் வர வேண்டும்.

கையெழுத்து பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

பச்சமுத்து


மரக்காணம்
18-4-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். சொம்பு, அகப்பை இரண்டையும் தாண்டி.

உன் கடிதத்தை அம்சா எனக்குப் படித்துக் காட்டினாள். விரல் நுனி உரியும் என்கிற இடம் வந்ததும் அவள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. ஏசியில் உட்கார்ந்திருக்கிற ஸ்டோர் சூப்பர்வைசருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிரம் திறந்தோம். முதல் காயை யார் தின்பது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்தாலும் நஷ்டமில்லாத ஆள் என்று ஏகமனதாக முடிவு. கடித்தேன். சத்தம் வரப்புக்கு அந்தப் பக்கம் அரசப்பனுக்குக் கேட்டது. புளிப்பு, கரிப்பு, பூண்டு. நம் நாக்குக்குப் புதுசு, ஆனால் பழைய சோற்றுக்கு ஜோராக இருக்கிறது. அரசப்பன் நாலு தின்றுவிட்டு, "சுமார்தான்" என்று சொல்லி இன்னும் நாலு வாங்கிக்கொண்டு போனான்.

அப்புறம்தான் மாப்பிள்ளை, என் மூளை வேலை செய்தது. செய்தது சாலம்மாள் மூளை, நான் பக்கத்தில் இருந்தேன். அவள் தம்பி அந்தோணிசாமி குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுசில் சமைக்கிறான். வெள்ளைக்காரனுக்கு வெள்ளரி அனுப்பக் கம்பெனி கப்பல் பார்க்கிறது. அந்த வெள்ளைக்காரன் தன் செலவில் விமானம் ஏறி வந்து, நம் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்! தூக்குச்சட்டியில் போட்டு என் மொபெட்டில் கொண்டுபோனோம். ஒரு ஜெர்மன்கார அம்மா, நம்மை விட நல்லாத் தமிழ் பேசுகிறாள், ஒன்று தின்றாள், நின்றுகொண்டே மூன்று தின்றாள். "எங்க ஊட்ல இப்படித்தான் போடுவாங்க. ஆனா இந்த இலை என்னா?" என்றாள். கொய்யா என்றோம். வாரா வாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்தோணிசாமி பக்கத்து இரண்டு கெஸ்ட் ஹவுசுக்கும் சொல்லியிருக்கிறான். அவர்களும் கேட்கிறார்கள்.

பொய் சொல்லக் கூடாது. இதில் மாடி வீடு கட்ட முடியாது. ஆனால் அம்சா கணக்காகத்தான் இறங்கியிருக்கிறாள். பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி விதை போட்டுவிட்டாள். விரல் அளவு கம்பெனிக்கு. இலை மறைவில் தப்பித்துத் தடித்தது டிரம்முக்கு. தமிழ்வேந்தனிடமே கேட்டுவிட்டாள். "தடிச்ச காய் எங்களுக்கு வேணாங்க்கா, என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றார், ஒரு கிண்ணம் ஊறுகாயைக் கட்டி வாங்கிக்கொண்டும் போனார். அந்தப் பக்கம் மல்லாட்டை முற்றி வருகிறது. வேன் வராவிட்டால் காயை என்ன செய்வீர்கள் என்று நீ கேட்டாயே, அதற்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது.

அவள் உனக்கு எழுதினதில் "யோசிக்க வேணாம்" என்று ஒரு வரி இருக்குமே, அதை நம்பாதே. ஏப்ரல் கடைசி வருகிறது. போன முறை எனக்கு வாய் இல்லை, இந்த முறை இருக்கிறது. வந்துவிடு.

காசிலிங்கம்


ஷார்ஜா
27-4-2006

மதிப்புள்ள மச்சானுக்கும் அம்சாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே.

மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "ஊரில் என்ன வேலை?" என்று கேட்டார். "இதே வேலைதான், சார்" என்றேன்.

சிரியாக்காரப் பெரியவர் கொய்யா இலை விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு தடவை தலையாட்டினார். சோம்பு மாதிரி ஒரு விதை பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார், உப்புத் தண்ணீரில் போடுவதற்கு.

மே 21ஆம் தேதி விடியற்காலை சென்னையில் இறங்குகிறேன். மச்சான் மட்டும் வந்தால் ஏர்போர்ட்டில் பொரி விற்கிற பக்கம் போகாமல் இருக்கவும். அம்சாவும் வருவாள்தானே?

பச்சமுத்து


கீழ்புத்துப்பட்டு
9-5-2006

அன்புள்ள மாமாவுக்கு அம்சவள்ளி,

உங்க லெட்டரை மூணு பேருக்குப் படிச்சுக் காட்டிட்டேன். இங்க எல்லாருக்கும் சுகம். வெயில்தான் கொளுத்துது, ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சறேன்.

ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வருது. நான் வரல. கோவிச்சுக்காதீங்க. ரெண்டாவது தடவை போட்ட கொடி நேத்து காய் புடிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரு நாள் விட்டா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை சாமியே கூப்பிட்டாலும் நான் கொல்லையை விட்டு நகர மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

கார் வச்சா வீட்டுக்குப் போகச் சொல்லாதீங்க. மெயின் ரோட்டுல இறங்கி நேரா கொல்லைக்கு வந்துடுங்க. காலையில நான் அங்கதான் இருப்பேன், சாலம்மாளும் இருப்பா.

துபாய், ஷார்ஜாவுலேர்ந்து வர்றவங்க எல்லாம் சென்ட் அடிச்சிக்கிட்டு புது சட்டையோட இறங்குவாங்க. நீங்க பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க. வேன் வர்றதுக்குள்ள பறிக்கணும்.

அம்சவள்ளி